உங்கள் பங்கு இறங்கியது, மனைவியின் பங்கு ஏறியது ஏன்?

கேள்வி: நான் 200 பங்குகள் வைத்திருக்கும் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை வாங்கப் போவதாக அறிவித்தது. அன்றே விலை இறங்கிவிட்டது. வாங்கப்படும் நிறுவனத்தின் பங்குகள் என் மனைவியின் டீமேட் கணக்கில் இருக்கின்றன, அவை ஏறிவிட்டன. வளரப்போகும் கம்பெனி ஏன் இறங்க வேண்டும்? விற்றுவிடலாமா?

பதில்: பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். சந்தையில் 1,000 கோடி மதிப்புள்ள நிறுவனத்துக்கு 1,300 கோடி கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த 300 கோடி லாபம் உங்கள் மனைவி போன்றவர்களுக்கு இன்றே உறுதி. உங்கள் நிறுவனமோ இரண்டையும் சேர்த்து நடத்தி, செலவைக் குறைத்தோ விற்பனையைக் கூட்டியோ, 300 கோடிக்கு மேல் புதிதாக ஈட்டினால்தான் உங்களுக்கு ஏதாவது மிஞ்சும். 'சினெர்ஜி' என்று அறிக்கையில் அழகாக எழுதுவது இதைத்தான்.

கொடுத்த விலைதான் பாதிக் கதை. உற்பத்தியில் தன்னைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பெரிய கோரஸ் என்ற ஐரோப்பிய எஃகு நிறுவனத்தை டாடா ஸ்டீல் 2007-இல் வாங்கியது. டாடா முதலில் கொடுக்க முன்வந்த விலை பங்குக்கு 455 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு). பிரேசிலின் எஃகு நிறுவனம் சிஎஸ்என் போட்டிக்கு வர, ஏலம் விடிய விடிய நடந்து 608 பென்ஸில் முடிந்தது. சிஎஸ்என் 603-இல் நின்றுகொண்டது. இன்று பார்த்தால் தப்பித்தது அவர்கள்தான். அடுத்த ஆண்டே உலக நெருக்கடி, எஃகுக்குக் கிராக்கி இல்லை, கடன் மட்டும் அப்படியே. 2016-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் ஆலை உள்ளிட்ட ஒரு பிரிவைக் கைமாற்றிய விலை என்ன தெரியுமா? ஒரே ஒரு பவுண்டு.

அதே குழுமத்தின் டாடா மோட்டார்ஸ் 2008-இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த இரண்டு பிராண்டுகளுக்கும் ஃபோர்டு கொடுத்திருந்ததில் ஏறக்குறைய பாதி. முதல் ஆண்டு நஷ்டம்தான். ஆனால் பின்னாளில் டாடா மோட்டார்ஸ் லாபத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது.

ஆகவே விலை இறங்கிய பதற்றத்தில் விற்காதீர்கள். முதலில் பங்குச்சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பைப் படியுங்கள். வாங்கக் கொடுப்பது கையிருப்புப் பணமா, கடனா, புதுப் பங்கா? பெருங்கடன் என்றால் நான் என் பங்குகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். அறிமுகமே இல்லாத தொழிலை வாங்கினால் இன்னும் குறைப்பேன்.

சரி, மனைவியின் பங்குகள்? பட்டியலிட்ட நிறுவனத்தில் 25 சதவீதமோ அதற்கு மேலோ வாங்குபவர், மற்ற பங்குதாரர்களிடம் இன்னும் 26 சதவீதமாவது வாங்க ஓப்பன் ஆஃபர் தர வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் விதி. அல்ட்ராடெக் 2024-இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனர் தரப்புக்குக் கொடுத்த அதே 390 ரூபாயைச் சிறு முதலீட்டாளர்களுக்கும் கொடுக்க முன்வந்தது இதனால்தான். ஆனால் அளவுக்கு மேல் விண்ணப்பம் வந்தால் விகிதப்படிதான் எடுப்பார்கள். மீதி மனைவியின் கணக்குக்கே திரும்பிவிடும்.

விற்கப்படும் பக்கத்துக்கு எப்போதும் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். 2020-இல் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கப்பட்டபோது டெபாசிட் பத்திரமாக இருந்தது, பங்குதாரர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. மூழ்கும் நிறுவனத்தைக் காப்பாற்றும் இணைப்பு வேறு ரகம்.

இணைப்பாக இருந்தால் பணத்துக்குப் பதில் பங்கு வரும். 2023-இல் வீட்டுக்கடன் நிறுவனமான எச்டிஎஃப்சி, எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தபோது அதன் 25 பங்குகளுக்கு வங்கியின் 42 பங்குகள் தந்தார்கள். 10 பங்கு வைத்திருந்தவர் கணக்கில் 16 வந்தது, மீதி 0.8 பங்குக்குப் பணம். பங்குக்குப் பங்காக மாறும்போது வரி கிடையாது. பழைய வாங்கிய விலையும் தேதியும் புதுப் பங்குக்குத் தொடரும். அதனால் பழைய கான்ட்ராக்ட் நோட்டை (பங்கு வாங்கியபோது புரோக்கர் தந்த ரசீதை)த் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.