புது ஓடிடி தளங்களால் ஏன் சந்தாதாரர்களைப் பிடிக்க முடிவதில்லை?

ஆளைச் சேர்ப்பதுகூட எப்படியோ நடந்துவிடுகிறது. சேர்ந்தவரை இரண்டாவது மாதமும் இருக்க வைப்பதில்தான் புதுத் தளங்கள் தோற்கின்றன என்பது என் எண்ணம்.

போன வருடம் ஒரே ஒரு தொடருக்காக ஒரு புதுத் தளத்தில் சேர்ந்தேன். டிவி ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஈமெயில் முகவரியை எழுத்தெழுத்தாக அடித்தேன். பாஸ்வேர்டில் ஒரு எழுத்து தப்பிவிட, மறுபடி முதலிலிருந்து. தொடர் அருமையாக இருந்தது, எட்டுப் பகுதிகளையும் நான்கே இரவில் பார்த்து முடித்தேன். ஐந்தாம் நாள் திறந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன், பார்க்கத் தோன்றுகிற மாதிரி எதுவும் இல்லை. சரி என்று பழைய தளத்துக்குப் போனால், பாதியில் விட்ட படம் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. மாதம் முடிவதற்குள் புதுச் சந்தாவை ரத்து செய்துவிட்டேன்.

புதுத் தொடர் ஆளை உள்ளே கூட்டி வரும், பழைய சரக்குதான் உட்கார வைக்கும். வேலை முடிந்து களைத்து வருகிறவருக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே பார்த்துப் பிடித்துப்போன ஒன்று போதும். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது முதல் நாளிலேயே ஒரு கோடிப் பேர் பதிவு செய்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் பல பத்தாண்டுகளின் படங்கள் இருந்தன. 2020 ஏப்ரலில் வந்த குயிபி என்ற அமெரிக்கத் தளம் ஏறத்தாழ 175 கோடி டாலர் திரட்டியிருந்தது. பத்து நிமிடத்துக்குள் முடியும் பகுதிகள், எல்லாமே புதிது, அதுவும் தொடக்கத்தில் போனில் மட்டும்தான். ஊரடங்கில் எல்லோரும் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் அது! அதே வருடம் டிசம்பரில் மூடிவிட்டார்கள். 2022-ல் சிஎன்என் செய்திச் சேனல் தொடங்கிய சிஎன்என் பிளஸ் தளம் ஒரு மாதம்தான் ஓடியது.

நெட்ஃபிளிக்ஸும் ஒரு காலத்தில் புதிதுதானே என்று கேட்கலாம். ஆனால் அது 2007-ல் ஸ்ட்ரீமிங்கைத் தொடங்கியபோது தனிக் கட்டணம் வாங்கவில்லை. தபாலில் டிவிடி வாங்கிக்கொண்டிருந்த சந்தாதாரர்களுக்கு அதைக் கூடுதலாகக் கொடுத்தது, காட்டியதும் மற்றவர்கள் எடுத்த படங்களைத்தான். இன்று வருகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் பணம் கட்டுகிறவரிடம் போய், இன்னொரு முறை கார்டை எடுங்கள் என்று முதல் நாளே கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் எனக்கு வருத்தமும் உண்டு. அந்த எட்டுப் பகுதிகளை எடுத்தவர்கள் நிஜமாகவே உழைத்திருந்தார்கள். இரண்டாவது சீசன் வந்தால் கட்டாயம் மறுபடி சேர்வேன். ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைத்து என்னை அலைய விடாத தளம் அது, அதனால் திரும்பிப் போக எனக்குத் தயக்கமே இல்லை.