பழம்பொருள் கேள்வி–பதில்: கிராணியார் வைத்திருந்த மடக்குக்கத்தி

கேள்வி: ஐயா, வணக்கம். என் தாயாரின் தந்தை சுங்கை பட்டாணிக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் இரண்டு அலகுகள் கொண்ட மடக்குக்கத்தி ஒன்று கிடைத்தது. பெரிய அலகின் அடியில் 'ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு, இங்கிலாந்து' என்ற எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் சிலுவை போன்ற குறியும் உள்ளன. மறுபக்கத்தில் ஒரு கிரீடமும் அதன் இருபுறமும் ஜி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன. இந்த முத்திரை 1764ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று என் மகன் தேடிப் பார்த்துச் சொல்கிறான். லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் விற்பவர் 80 ரிங்கிட்டுக்குக் கேட்டார். கைப்பிடி தந்தம், ஆயிரக்கணக்கில் போகும் என்கிறார் என் மாமா. படங்களை இணைத்துள்ளேன். யார் சொல்வதை நம்புவது?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: உங்கள் மகன் கண்டுபிடித்த ஆண்டு சரியானதுதான், ஆனால் அது முத்திரையின் வயது, கத்தியின் வயது அன்று. ஷெஃபீல்டு வட்டாரத்துக் கத்தித் தொழிலை ஒழுங்குபடுத்த 1624இல் அமைக்கப்பட்ட ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் குழுமம், தொழிற்கூடம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி வழங்கிப் பதிவு செய்து வந்தது. நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் சேர்ந்த குறி 1764இல் ராட்ஜர்ஸ் குடும்பத்துக்குக் கிடைத்தது. அதன்பின் தலைமுறை தலைமுறையாக அந்நிறுவனத்தின் கத்திகளில் அதே குறியைத்தான் அடித்தார்கள். ஆகவே கத்தி 1764க்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதற்கு மேல் அந்தக் குறியிலிருந்து ஒன்றும் பெற முடியாது. விற்பவர்களுக்கு மட்டும் அந்த ஆண்டின் மீது தனிப் பிரியம் உண்டு.

வயதை நெருங்க உதவுவது கிரீடமும் எழுத்துகளுமே. ராட்ஜர்ஸ் நிறுவனத்துக்கு அரண்மனையின் அங்கீகாரம் 1822இல், நான்காம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் கிடைத்தது. அதன் அடையாளமாக ஆளும் மன்னரின் பெயரெழுத்தைக் கிரீடத்துடன் அலகில் பொறிக்கும் வழக்கம் ஏற்பட்டது. விக்டோரியா அரசியாரின் காலமாகிய 1837 முதல் 1901 வரை வி, ஆர் என்றும், ஏழாம் எட்வர்ட் ஆண்ட 1901 முதல் 1910 வரை இ, ஆர் என்றும் இருக்கும். ஜி, ஆர் என்ற எழுத்துகளுக்கு உரியவர்களாக 1830 வரை ஆண்ட நான்காம் ஜார்ஜ், 1910 முதல் 1936 வரை ஆண்ட ஐந்தாம் ஜார்ஜ், 1936 முதல் 1952 வரை ஆண்ட ஆறாம் ஜார்ஜ் ஆகிய மூவர் இருப்பதால்தான் பலர் நூறு ஆண்டுகள் தள்ளிக் கணக்கிட்டுவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்தை உங்கள் கத்தியில் உள்ள 'இங்கிலாந்து' என்ற சொல் தீர்த்து வைக்கிறது. இறக்குமதியாகும் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் மெக்கின்லி சுங்கவரிச் சட்டத்தின் வழி விதித்தது. ஷெஃபீல்டின் பெரிய சந்தைகளில் ஒன்று அமெரிக்கா என்பதால், நாட்டின் பெயரைச் சேர்த்து அடிப்பது அதற்குப் பின்னர்தான் பரவலாயிற்று. அச்சொல் இல்லாத கத்தி எல்லாம் 1890க்கு முந்தியது என்று இதைத் திருப்பிப் போட்டு வாதிடக் கூடாது; வேறு நாடுகளுக்கு அனுப்பிய சரக்கில் அதை அடிக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஆனால் அச்சொல்லும் ஜி, ஆர் எழுத்துகளும் ஒரே அலகில் சேர்ந்து இருக்கும்போது நான்காம் ஜார்ஜைத் தாராளமாக விலக்கிவிடலாம். எஞ்சுவது 1910க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலம்.

இதற்கு மேல் குறுக்க எஃகு ஓரளவு உதவும். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி அதே ஷெஃபீல்டில் 1913இல் கண்டறிந்தார். 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் அலகில் இருந்தால் கத்தி அதற்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். உங்கள் கத்தியில் அச்சொல் இல்லை. படத்தில் தெரியும் சாம்பல் கலந்த கறுப்பு நிறமும் ஆங்காங்கே உள்ள துருப் புள்ளிகளும் பழைய கரிம எஃகுக்கு உரியவை. ஆனால் கரிம எஃகில் கத்தி செய்வதை 1913க்குப் பிறகும் யாரும் நிறுத்திவிடவில்லை என்பதால் இந்த வழி இங்கே அடைபடுகிறது. உங்கள் தாத்தா எந்த ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதற்குத் தோட்டத்துப் பழைய கடிதமோ சம்பளச் சீட்டோ இருந்தால், அதுதான் இனி உங்களுக்கு உதவும் நல்ல சான்று.

போலியா என்ற ஐயமும் எழ வேண்டும். பெயர் பெற்ற நிறுவனம் என்பதால் ராட்ஜர்ஸைப் போலப் பெயர் அடித்த கத்திகள் ஏராளமாக வந்தன. அவற்றில் பல, ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே வர வேண்டிய 'டி' எழுத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் ஒத்திருக்கும். உங்கள் படத்தில் அந்த எழுத்து தெளிவாக இருக்கிறது, குறிகளின் விளிம்பும் கூர்மையாக உள்ளது. படத்தைக் கொண்டு பார்த்தவரை இது அசல்தான்.

இனி கைப்பிடி. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கி, கைப்பிடித் தகட்டின் மேற்பரப்பையும், குறிப்பாக அதன் குறுக்குவெட்டு தெரியும் முனையையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். யானைத் தந்தமானால் முனையில் மெல்லிய கோடுகள் ஒன்றை ஒன்று குறுக்காக வெட்டிச் செல்வது தெரியும். எலும்பானால் மேற்பரப்பில் சிறு கரும்புள்ளிகளும் குறுங்கீற்றுகளும் இருக்கும். அவை இரத்தக் குழல்கள் ஓடிய துளைகள். கோடுகள் ஒரே சீராக, அளந்து போட்டாற்போல இணையாக ஓடினால் அது தந்தத்தைப் போலச் செய்த செல்லுலாய்டு என்னும் பழைய பிளாஸ்டிக். விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்தால் செல்லுலாய்டில் கற்பூர வாடை வரும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செல்லுலாய்டு தீப்பிடித்து எரியும் பொருள். நீங்கள் அனுப்பிய அண்மைப் படத்தில் ஆணியை ஒட்டிக் கரும்புள்ளிகள் தெரிவதால், இது எலும்பு என்றே கருதுகிறேன்.

அது உங்களுக்கு நல்லதும்கூட. தந்தமாக இருந்திருந்தால், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபம் தொடர்பான மலேசியாவின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றி அதை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். உள்நாட்டில் விற்பதானாலும் முன்னதாக வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானைக் கேட்டுக்கொள்வது நல்லது. லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாம் என்ற எண்ணமும் பலிக்காது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 முதல் நடப்பில் உள்ளது. 1947க்கு முந்திய பொருளானாலும் அதில் தந்தம் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால்தான் பொது விலக்கு உண்டு. தந்தக் கைப்பிடி போட்ட கத்தி அந்த வரம்புக்குள் அடங்குவது கடினம்.

விலையைப் பொறுத்தவரை, வயதைவிட அலகின் நிலைதான் பேசும். பெரிய அலகின் அடியில், கைப்பிடியை ஒட்டித் தீட்டுக்கல் எட்டாத ஒரு சிறு பகுதி இத்தகைய மடக்குக்கத்திகளில் பொதுவாக இருக்கும். அதன் அகலம்தான் அலகின் பழைய அகலம். உங்கள் கத்தியில் அந்த இடத்திலிருந்து வெட்டும் விளிம்பு படிபோல இறங்கி உள்ளே செல்கிறது. நகத்தைக் கொடுத்துத் திறக்கும் பள்ளத்துக்குக் கீழே மிஞ்சியிருப்பது ஓர் அரிசி அகலம்கூட இல்லை. தாத்தா நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார். சேகரிப்பவர்கள் இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். சின்ன அலகு ஏறக்குறைய முழுதாக இருப்பது சாதகம். இரண்டையும் மெல்லத் திறந்து மூடுங்கள்: வில் (ஸ்பிரிங்) இறுக்கமாக இருந்து, முழுதும் திறந்ததும் 'டக்' என்று நின்று, பக்கவாட்டில் ஆடாமல் இருந்தால் மதிப்பு கூடும்.

ராட்ஜர்ஸ் பேனாக்கத்திகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டவை. அரிய பொருள் அல்ல. ஆயிரக்கணக்கில் விலை போவன பல அலகுகள் கொண்ட கண்காட்சிக் கத்திகளும், தீட்டப்படாமல் பெட்டியோடு பிழைத்திருப்பவையுமே. உங்கள் கத்திக்கு, தேய்மானத்தையும் கணக்கில் கொண்டு, 100 முதல் 200 ரிங்கிட் வரை கேட்கலாம் என்பது என் மதிப்பீடு. சந்தைக்காரர் சொன்னது குறைவுதான் என்றாலும் வாங்கி விற்பவர் வைக்கும் இடைவெளிதான் அது. ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. மாமாவின் கணக்குக்கு ஆதாரம் இல்லை. வேறு யாராவது விலை சொன்னால், கேட்கப்படும் விலையை விட்டுவிட்டு, இதே நிலையில் உள்ள கத்தி உண்மையில் விற்று முடிந்த விலையைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமியார் கொடுத்த சிறு மடக்குக்கத்தியில் கைப்பிடி முத்துச்சிப்பி, அலகு வெள்ளி போல மின்னுகிறது. அலகில் நடக்கும் சிங்கம், கிரீடம், ஓர் எழுத்து, ஒரு பெண்ணின் தலை என நான்கு குறிகள் உள்ளன. நகைக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். இது பழம் நறுக்கும் கத்தி. புளிப்புள்ள பழச்சாறு பட்டால் கரிம எஃகு கறுத்துவிடும், பழத்திலும் இரும்புச் சுவை ஏறும் என்பதால் வசதியுள்ள ஆங்கிலேயர்கள் வெள்ளி அலகு போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். முந்திய கேள்வியில் பார்த்ததுபோல ஊகிக்க வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. வெள்ளி முத்திரை ஆண்டையே சொல்லிவிடும்.

சிங்கம், வெள்ளி 92.5 விழுக்காடு தூயது என்பதற்குச் சான்று. கிரீடம், வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் ஷெஃபீல்டு சோதனைச்சாலையின் குறி. 1975இல் அதற்குப் பதிலாக ரோஜா வந்தது. கிரீடத்துக்குப் பதில் நங்கூரம் இருந்திருந்தால் பர்மிங்ஹாம். தலை, வரி செலுத்தியதற்கான அடையாளம். அது 1784 முதல் 1890 வரை மட்டுமே அடிக்கப்பட்டது. பெண்ணின் தலை என்பதால் விக்டோரியா. எனவே கத்தி 1837க்கும் 1890க்கும் இடைப்பட்டது. எழுத்து ஆண்டுதோறும் மாறுவது. அகரவரிசை முடிந்ததும் அதே எழுத்து மீண்டும் வரும் என்பதால், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்துள்ள கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்து ஷெஃபீல்டுக்கான அட்டவணையில் ஒப்பிட்டால் ஓர் ஆண்டில் வந்து நிற்பீர்கள். பர்மிங்ஹாம் அட்டவணையில் தேடினால் தவறான ஆண்டுதான் கிடைக்கும். சிப்பியில் விரிசல் இல்லாமல் இருந்தால், கத்தியாக விற்பது வெள்ளியின் எடைக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே தரும். அலகின் எடையோ மிகச் சிறிது.

கேள்வி: என் அப்பா சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். அவர் வைத்திருந்த மடக்குக்கத்தியில் குட்டையான அலகும், கைப்பிடியின் மறுமுனையில் தட்டையான எலும்பு நாக்கு ஒன்றும் உள்ளன. 'சோலிங்கன், ஜெர்மனி' என்று அடித்திருக்கிறது. இது என்ன?
– வாசகர், கெப்போங், கோலாலம்பூர்

பதில்: ஒட்டுக்கன்று கட்டும் கத்தி. இளங்கன்றின் பட்டையை அலகால் கீறி, எலும்பு நாக்கால் நோகாமல் தூக்கி, அதிகப் பால் தரும் மரத்திலிருந்து எடுத்த மொட்டை உள்ளே செருகிக் கட்டுவார்கள். ரப்பரில் இந்த முறை 1910களில் டச்சுக்காரர்களின் ஜாவாவில் தேறி, 1920களில் மலாயாத் தோட்டங்களுக்குப் பரவியது. ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டதும் 1925இல்தான்.

1949க்கும் 1990க்கும் இடையில் வந்த சரக்கில் 'மேற்கு ஜெர்மனி' என்று அடிப்பது பெருவழக்கு. உங்கள் கத்தியில் வெறும் 'ஜெர்மனி' என்றிருப்பதால் போருக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1950களிலும் சிலர் பழையபடியே அடித்தார்கள் என்பதால் முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். விலை பெரிதாக இராது. இருப்பினும் அப்பாவின் பணிக் கடிதத்தையும் கத்தியையும் சேர்த்து வைத்திருங்கள். தோட்ட வாழ்க்கையைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கு அந்த இரண்டும் சேர்ந்தே பயன்படும்.

கேள்வி: பழைய கத்தியின் துருவை மணல்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு விற்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கூடாது. மணல்தாள் முதலில் அழிப்பது முத்திரையைத்தான், விலை பாதியாகிவிடும். தையல் இயந்திர எண்ணெயை இரண்டு துளி விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பருத்தித் துணியால் துடையுங்கள். கறுத்த நிறம் அப்படியே இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும். தோலுறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், நம் ஊர்க் காற்றுக்கு அதில் போட்டு வைக்காமல், துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் டப்பாவில் வையுங்கள். செல்லுலாய்டு கைப்பிடி போட்டவற்றை மட்டும் தனியே, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்; அது சிதையும்போது வெளிவரும் அமில ஆவி பக்கத்தில் உள்ள கத்திகளையும் துருப்பிடிக்கச் செய்யும்.