உலருணவுப் பொதியும் புள்ளடியும்

அன்புள்ள ஐயா,

சாவகச்சேரிப் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் தேர்தல் வந்தால் உலருணவுப் பொதிக்கு வாக்கை விற்கிறார்கள். பசித்தவனுக்குப் பேச்சுச் சுதந்திரம் எதற்கு? முதலில் சோறு போடும் ஓர் இரும்புக் கை வரட்டும், உரிமைகளைப் பிறகு பார்க்கலாம் என்பது என் எண்ணம். தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தவறு என்றே நினைக்கிறேன். இரும்புக் கையை நாம் காணாதவர்களா? 2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது அப்படியொரு கைதான். அந்த ஆண்டு முடியுமுன்னரே தடையை விலக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு நாடே கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. பொருளாதாரத்தை அப்படிக் கையாண்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டில் அந்தக் கைக்கும் பங்குண்டு.

பெண்கள் குழுவாக ஒருவருக்கொருவர் பிணை நின்று வாங்கும் சிறு கடனான நுண்கடனைப் பாருங்கள். கிழமைக் கட்டுக்காசு தவறினால் வசூலிக்க வந்தவர் விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு இருட்டும்வரை இருக்கிறார். வீட்டில் பெண்ணும் பிள்ளைகளும் மட்டும். அயல் பார்க்கிறது. குழுவில் பிணை நின்ற பெண்கள், தங்கள் தலையில் விழுமே என்று அவளையே ஏசுகிறார்கள். "எழும்பிப் போ" என்று சொல்ல அவளுக்குச் சட்டப்படி முழு உரிமை உண்டு. வாய் வராது. அடுத்த கடனுக்கும் அவரிடம்தான் போகவேண்டும். வடக்கு கிழக்குப் பெண்கள் பதாகை பிடித்து வீதிக்கு வந்த பிறகே, 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. பேச்சுச் சுதந்திரம் எதற்கு என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பொதி வாங்கியவர்கள் வாக்கை விற்றார்கள் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? பொதியை வாங்கிக்கொண்டு வேறு சின்னத்துக்குப் புள்ளடி போடும் கெட்டிக்காரர் நம் ஊரில் ஏராளம். 2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. நல்லதோ கெட்டதோ, பழைய கட்சிக்காரர்களின் கணக்கில் அது இருக்கவில்லை.

வறுமை உரிமையைப் பறிப்பது வேறு இடத்தில். அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அது இருப்பது கொழும்பு, புதுக்கடையில். பொலிஸில் அடி வாங்கிய கூலித்தொழிலாளி காயம் ஆறி, நாட்கூலியை இழந்து, சட்டத்தரணியைத் தேடிப் பிடித்து, கொழும்பு பஸ்ஸுக்குக் காசு புரட்டுவதற்குள் மாதம் போய்விடும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்.