உவர்மலை ஏறுது, நிலாவெளி ரோட்டில் படுக்குது

வாசகர் கேள்வி – பழைய மோட்டார் சைக்கிள் பக்கம்

கேள்வி: என்னிடம் பி.எஸ்.ஏ எம்20 ஒன்று இருக்கிறது. பட்டாளம் கழித்த சாமான் என்று அப்பா சொல்லுவார். பெற்றோல் வரிசைக் காலத்தில் அதைக் கொட்டிலுக்குள் விட்டதுதான், போன வருசம்தான் திரும்ப எடுத்து ஓட்டத் தொடங்கினேன். உதைத்தவுடன் ஸ்டார்ட் ஆகுது, ஐட்லிங் நல்லது, ரவுனுக்குள் ஒரு குறையும் இல்லை. நிலாவெளிப் பக்கம் போய் முழுக்க முறுக்கினால் முதலில் நல்லாய் இழுக்கும். ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் இழுவை செத்துப்போய், காபரேற்றர் வழியாகத் தும்மும். முறுக்கைக் குறைத்துச் சற்று உருட்டினால் திரும்பச் சரி. பிளக் மாற்றிவிட்டேன், பொயின்ற் சுத்தம் செய்தேன். மக்னீற்றோவை (பொறிக்கு மின்சாரம் தரும் உறுப்பு) கொழும்புக்கு அனுப்பிச் சுற்றச் சொல்கிறார் ஒருவர், போர் அடிக்கச் (சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்க) சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்ய?
பி.கு.: தாங்கிக்குள் கறள் இருந்தபடியால் வினாகிரி விட்டுக் கழுவி, புதிதாக ஒரு கார் பில்ற்றரும் பூட்டியிருக்கிறேன்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், உப்புவெளி

பதில்: சேர், மக்னீற்றோவைக் கழற்றாதீர்கள். போர் அடிக்கவும் வேண்டாம். நீங்கள் பி.கு. போட்டு எழுதியதை நான் முதல் வரியாக வாசித்தேன்.

முழு முறுக்கில் பலம் போகுது என்று வாகனம் கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முறுக்கின உடனே போகுதா, கொஞ்சத் தூரம் ஓடின பிறகு போகுதா? இதற்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நெருப்பில் குறை என்றால் முறுக்கின கையோடு தெரியும். முழுக்கத் திறக்கும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும், அந்த அமுக்கத்துக்குள் பொறி பாய மின்சாரத்துக்கு வலு கூட வேணும். பலவீனமான கொண்டென்சரோ கொயிலோ அந்த இடத்தில்தான் கைவிடும். அதற்கு இரண்டு கிலோமீற்றர் தேவையில்லை. பெற்றோலில் குறை என்றால் உடனே தெரியாது. காபரேற்றரில் பெற்றோல் தேங்கி நிற்கும் புளோட் கிண்ணத்தில் இருக்கிறது முடியும் மட்டும் ஓடும், பிறகுதான் படுக்கும். ஊற்றுக் குறைந்த கிணற்றில் மோட்டர் போட்ட மாதிரி. நிறுத்தி வைத்தால் ஊறும், திரும்பப் போட்டால் கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீர் வரும்.

திருகோணமலையில் இருக்கிறவருக்கு இதைப் பிரித்துப் பார்க்க மீற்றர் ஒன்றும் தேவையில்லை, இரண்டு ரோட்டு இருக்கிறது. எஞ்சின் நல்லாய்ச் சூடேறின பிறகு உவர்மலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுக்க முறுக்குங்கள். ஏற்றம் குட்டை, ஆனால் பாரம் முழுப் பாரம். நெருப்பில் பிழை என்றால் அந்த இடத்திலேயே வெட்டும், சைலன்சரில் படார் என்று அடிக்கும். அதில் மளமளவென்று ஏறிவிட்டு, நிலாவெளி ரோட்டில் உப்பளப் பக்கம் நேர் ரோட்டில் மட்டும் படுத்தால் அது பெற்றோல்தான். மக்னீற்றோக் கொண்டென்சர் பழுதானால் வேறு குணமும் காட்டும். சூட்டில் நிற்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் எடுக்காமல் உதைக்க உதைக்க வியர்க்க வைக்கும், ஐட்லிங்கிலும் தடுமாறும். உங்கள் கடிதத்தில் அந்த முறைப்பாடு இல்லை.

காபரேற்றர் வழியாகத் தும்முது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் அதே பக்கம்தான் கையைக் காட்டுது. கலவையில் பெற்றோல் குறைந்தால் அது மெதுவாக எரியும். உள்வால்வு திரும்பத் திறக்கிற நேரத்திலும் உள்ளே நெருப்பு மிச்சம் இருந்தால் பின்பக்கமாகத் தும்மும். இதை ஓடிக்கொண்டே உறுதி செய்யலாம். எம்20 இன் ஹாண்டிலில், காபரேற்றருக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் லீவர் இருக்கிறது. இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு அது எதற்கென்றே தெரியாது, சில பேர் கழற்றி எறிந்தும் விட்டார்கள். நீங்கள் எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். வண்டி படுக்கத் தொடங்கின கையோடு முறுக்கை அசைக்காமல் ஏர் லீவரைப் பாதிக்கு மூடிப் பாருங்கள். இழுவை கொஞ்சமாவது திரும்பி வந்தால் பெற்றோல் குறைவு என்பது முடிவு. மாறாக இன்னும் மோசமாகிக் கறுப்புப் புகை தள்ளினால் பெற்றோல் கூடுதலாக எரியுது, அது வேறு கதை. ஏர் லீவர் இல்லாத வண்டி என்றால் முழு முறுக்கிலிருந்து முக்காலுக்கு இறக்கிப் பார்க்கலாம். முக்காலில் முழுசை விட நல்லாய் ஓடினால் அதுவும் பெற்றோல் பஞ்சத்தின் அடையாளம்தான்.

முக்கால் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் வண்டியின் அமால் காபரேற்றரில் முறுக்கின் எட்டில் ஒரு பங்கு வரைக்கும் பைலற் ஜெட்டின் ஆட்சி (ஜெட் என்பது பெற்றோல் வரும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு). அதற்கு மேல் காற்பங்கு மட்டும் முறுக்கோடு ஏறி இறங்கும் ஸ்லைட்டின் வெட்டு, பிறகு முக்கால் மட்டும் அதில் தொங்கும் நீடில் என்ற ஊசி, முக்காலுக்கு மேலேதான் மெயின் ஜெட். பிடியிலும் அதன் கழுத்திலும் வெள்ளை ரேப் துண்டு ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டால் எந்த இடத்தில் கோளாறு வருகிறதென்று கண்ணால் பார்க்கலாம். ரவுனுக்குள் ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள், ஆகவே பைலற்றையும் நீடிலையும் விட்டுவிடுங்கள்.

இனித் தாங்கிக்கு வாருங்கள். நீங்கள் பூட்டின அந்தக் கார் பில்ற்றர் அனேகமாகக் கடதாசி மடிப்பு உள்ளது. அது பம்ப் வைத்துத் தள்ளுகிற வாகனத்துக்குச் செய்தது. உங்கள் வண்டியில் பம்ப் இல்லை. தாங்கிக்கும் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள உயரம் மட்டும்தான் பெற்றோலைத் தள்ளுகிறது. அந்தச் சொற்ப அமுக்கத்துக்குக் கடதாசி பெரிய தடை. போதாததற்கு வினாகிரியில் கழுவின தாங்கி மினுங்கினாலும் உடனே காயவைத்து எண்ணெய் காட்டாவிட்டால் இரண்டாம் நாளே திரும்பக் கறள் பிடிக்கும். நம்முடைய கடற்காற்றைப் பற்றி உப்புவெளியாருக்கு நான் சொல்லவா வேணும்? அந்தச் செந்தூள் வந்து கடதாசியில் படிந்தால் மிச்சமும் அடைபடும். ரவுனுக்குள் ஓட எவ்வளவு பெற்றோல் வேணும்? சொட்டுச் சொட்டாக வந்தாலே காணும். அதனால்தான் அங்கே குறை தெரியவில்லை.

ஊகத்தில் விட வேண்டாம், அளந்து பாருங்கள். எஞ்சின் ஆறின பிறகு, அடுப்பு விளக்கு ஒன்றும் இல்லாத வெளிமுற்றத்தில், காபரேற்றர்ப் பக்கம் குழாயைக் கழற்றி, அளவுக்கோடு உள்ள போத்தலுக்குள் விடுங்கள். குழாயின் வாய் கிண்ணத்தின் உயரத்திலேயே இருக்க வேணும், நிலத்துக்கு இறக்கினால் பொய்க் கணக்கு வரும். தாங்கி மூடியை மூடியே வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர்? அமால் மெயின் ஜெட்டில் வெட்டியிருக்கும் எண் சும்மா வரிசை எண் இல்லை, ஒரு நிமிடத்தில் அந்த ஜெட் எத்தனை சி.சி. விடும் என்ற அளவு அது. 170 என்று இருந்தால் நிமிடத்துக்கு 170 சி.சி. உங்கள் போத்தலில் ஜெட்டின் எண்ணை விடக் கூட விழ வேணும், இரட்டிப்பாக விழுந்தால் நிம்மதி. அதை விடக் குறைந்தால் பில்ற்றரைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொரு முறை பிடியுங்கள். வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

ஒரு நிமிடம் நல்லாய் விழுந்து, நேரம் போகப் போக நூலாக மெலிந்தால் குற்றம் மூடியில். பெற்றோல் இறங்கும் அளவுக்கு மேலே காற்று நுழைய வேணும், அதற்கு மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். பெயின்ற் அடிக்கிறவர்களும் பொலிஷ் போடுகிறவர்களும் அதை அடைத்துவிடுவார்கள். வேறு வண்டியின் துளையில்லாத மூடியைக் கொண்டுவந்து பூட்டினவர்களும் உண்டு. மூடியைத் திறந்த கையோடு வேகமாக விழுந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பில்ற்றரை எறிந்துவிட்டு, தாங்கிக்குள் நிற்கும் பெற்றோல் ரப்பின் பித்தளை வலையைச் சுத்தம் செய்து போட்டாலே போதும். புளோட் கிண்ணத்துக்குப் பெற்றோல் நுழையும் பான்ஜோவுக்குள் (குழாயைப் பூட்டும் வளைய இணைப்பு) வலை இருந்தால் அதையும் பாருங்கள், செந்தூள் கடைசியாகத் தங்குமிடம் அதுதான். குழாய் தாங்கியிலிருந்து இறக்கமாகவே வர வேணும், நடுவில் மேடு இருந்தால் காற்றுக் குமிழ் நின்றுவிடும். சிலிண்டரைத் தொட்டுக்கொண்டும் போகக் கூடாது. மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, வாயால் ஊதிவிடுங்கள். தயவுசெய்து கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மெது, ஒரு குத்தோடு 170 என்ற எண் பொய்யாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் படுத்தால் மட்டும் மக்னீற்றோப் பக்கம் போவோம். லூக்காஸ் மக்னீற்றோவின் பொயின்ற் இடைவெளி 12 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வால்வு இடைவெளி ஆறின எஞ்சினில் உள்வால்வுக்கு 10, வெளிவால்வுக்கு 12. வெளிவால்வு இறுக்கமாக இருந்தால் சூட்டில் முழுக்க மூடாமல் இழுவையைத் தின்னும், அப்படிப் போன இழுவை ஓய்வு கொடுத்தும் இவ்வளவு கெதியாய்த் திரும்பி வராது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சரி வரும் வரைக்கும் முழு முறுக்கில் சோதனை ஓட்டம் ஓடிக்கொண்டிருக்காதீர்கள். பெற்றோல் குறைந்த கலவை சூட்டைக் கூட்டும், சைட் வால்வ் எஞ்சினில் (வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருப்பது) முதலில் கருகுவது வெளிவால்வு, அடுத்தது பிஸ்ரன் இறுகும். 496 சி.சி. என்றாலும் 13 குதிரைவலுதான் அது. பட்டாளத்துக்காகப் பாரம் இழுக்கச் செய்த மாடு, நிலாவெளி ரோட்டில் ஹோட்டல் வான்களோடு ஓட்டப் பந்தயத்துக்கு அதைக் கொண்டுபோகிறது எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: அண்ணன், வாப்பாவின் ஹொண்டா சீ.டி. 125 ஐ நான் ஓட்டுகிறேன். சத்தம் நல்லாய் வர ஏர் கிளீனர்ப் பெட்டியைக் கழற்றினேன். இப்போது கிண்ணியாப் பாலத்தில் முழுக்க முறுக்கினால் முந்தின வேகம் இல்லை. ஜெட் பெரிதாக்கட்டா?
– கல்லூரி மாணவன், கிண்ணியா

பதில்: தம்பி, பெட்டியைத் திரும்பப் பூட்டுங்கள். அந்தப் பெட்டி காற்றைத் தடுக்கிற அளவைக் கணக்குப் பண்ணித்தான் கொம்பனி ஜெட் போட்டது. தடை போனால் காற்றுக் கூடும், பெற்றோல் கூடாது, முழு முறுக்கில் இழுவை விழும். ஜெட் பெரிதாக்கினால் ஓடலாம்தான், ஆனால் பாலத்தின் இரு பக்கத்து மணலும் உப்பும் நேரே சிலிண்டருக்குள் போகும். பிறகு போர் அடிக்கிற செலவை வாப்பாவிடம் கேட்பீர்கள்.

கேள்வி: சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடினார்களே, விலை குறைய இப்போதும் கொஞ்சம் கலக்கலாமா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: வேண்டாம், தங்கச்சி. அப்போது பெற்றோல் இல்லை, ஓடினார்கள். பெற்றோலைத் துளி விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, எஞ்சின் தட்டத் தட்ட ஓடினார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணியாகும், பெயாரிங் போகும். டிப் ஸ்ரிக்கை இழுத்து மணந்து பாருங்கள். ஏற்கனவே கலந்திருந்தால் அதில் மண்ணெண்ணெய் மணக்கும், ஒயிலை உடனே மாற்றிவிடுங்கள்.