பதில்: வீட்டுக்கு மேல் சரிவில் விழுந்த வெடிப்பு

அண்ணாச்சி, பாபநாசம் மலையடிவாரத்துல உங்க வீட்டுக்கு மேலே சரிவில் பிறை மாதிரி வெடிப்பு விழுந்திருக்கு, சிமெண்ட் பூசினா போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாது. அந்த வடிவம்னா பெரும்பாலும் கீழே உள்ள மண் இறங்க ஆரம்பிச்சிருக்கும். மழைத்தண்ணி வெடிப்புக்குள்ள போய் மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் நடுவுல தேங்கும். அந்த நீரழுத்தம் மண்துகள்களோட பிடிமானத்தைக் குறைக்கும். ஊறின மண்ணுக்கு எடையும் கூடும். 2024 ஜூலை 30-ல் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையை அழிச்ச சரிவும் கனமழையில, ராத்திரி வந்ததுதான். மண்ணும் பாறையும் ஆற்றுவழியே கிலோமீட்டர் கணக்கில் ஓடிச்சு.

இப்போதைக்கு வெடிப்புல களிமண் திணிச்சு தார்ப்பாய் போடுங்க, மேலிருந்து வர்ற தண்ணியைப் பக்கவாட்டில் திருப்புங்க. ரெண்டு பக்கமும் முளையடிச்சு இடைவெளியை தினமும் அளந்து பாருங்க. தாசில்தாருக்கு எழுதி, புவியியலாளரை வந்து பார்க்கச் சொல்லுங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில வெடிப்பு அகன்றாலோ ஊற்றுத்தண்ணி திடீர்னு கலங்கினாலோ, ராத்திரின்னு பார்க்காம பிள்ளைகளோட கிளம்பிடுங்க. ஓடைப்பக்கம் மட்டும் இறங்காதீங்க.