பின்வாங்கும் பனியாறு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பனியாறுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். படித்து முடித்தபின் சில சந்தேகங்கள் மிஞ்சின. பனிக்கட்டியைக் கீழே போட்டால் சுக்குநூறாக உடைகிறது. அப்படிப்பட்ட பொருள் எப்படி ஆறாக ஓடும்? மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா, இல்லை உள்ளுக்குள்ளேயே வளைந்து கொடுக்கிறதா? இரண்டாவது, பாறையைவிட எவ்வளவோ மென்மையான பனி, மலையைக் குடைந்து ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் பள்ளத்தாக்கு உண்டாக்கும் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. மூன்றாவது, பனியாறுகள் ‘பின்வாங்குகின்றன’ என்று செய்திகளில் வருகிறது. கீழே வந்த பனி மறுபடி மேலே ஏறிப் போகுமா என்று என் மகள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியாக, ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்து, இது பனியாறு செதுக்கியது, இது ஆறு அறுத்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் மகளின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கிவிட்டால் மற்றவற்றில் பாதி விளங்கிவிடும்.

பனி மேலே ஏறிப் போவதில்லை. பின்வாங்குகிற பனியாற்றிலும் பனி ஒவ்வொரு நாளும் கீழ்நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. பின்வாங்குவது அதன் முனை மட்டும்தான். பனியாற்றின் மேற்பகுதியில் ஓராண்டில் சேரும் பனி, அந்த ஆண்டில் உருகுவதைவிட அதிகம். கீழ்ப்பகுதியில் உருகுவதுதான் அதிகம். இரண்டுக்கும் நடுவே வரவும் செலவும் சரியாகிவிடும் ஓர் உயரம் இருக்கிறது. அதைச் சமநிலைக் கோடு என்கிறார்கள். மேலே மிஞ்சிய பனி கீழே நகர்ந்து வந்து அங்குள்ள பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது. முனைக்கு ஆண்டுக்கு 50 மீட்டர் பனி வந்து, 50 மீட்டரும் உருகினால், முனை நின்ற இடத்திலேயே நிற்கும். 70 மீட்டர் உருகினால் 20 மீட்டர் பின்வாங்கும். இரண்டு நிலையிலும் பனி வந்தது கீழ்நோக்கித்தான்.

வெப்பம் கூடும்போது சமநிலைக் கோடு மேலே ஏறுகிறது, பனி சேரும் பரப்பு சுருங்குகிறது. ஆனால் முனையில் அது உடனே தெரிவதில்லை. சிறிய, செங்குத்தான பனியாறுகளில் சில ஆண்டுகளில் தெரியும். நீளமான, சரிவு குறைந்தவற்றில் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதனால்தான் முனை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பனியாற்றின் நிலையை எடைபோடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பனியில் துளையிட்டுக் கம்புகளை நட்டு, ஆண்டுதோறும் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு கரைந்தது என்று அளப்பதே சரியான கணக்கு.

பனி இப்படிக் கீழ்நோக்கி நகர்வதற்குப் பழைய, துயரமான சாட்சி ஒன்று உண்டு. 1820இல் ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் மலையில் ஏறிய ஒரு குழுவின் வழிகாட்டிகள் மூவர், பனிச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டுப் பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்தார்கள். பனியாறுகளின் வேகத்தை அளந்துவந்த ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், ஏறக்குறைய 40 ஆண்டுகளில் அவர்களின் எச்சங்கள் கீழே வெளிப்படும் என்று சொல்லியிருந்தார். 1861இல் அதே மலையின் போசோன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் அவை வெளிவரத் தொடங்கின.

இனி முதல் கேள்வி. வழுக்குவதும் உண்டு, உள்ளுக்குள் வளைந்து கொடுப்பதும் உண்டு. ஆனால் இரண்டும் வெவ்வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டவை.

புதிதாக விழும் பனித்தூவலின் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும். மேலே மேலே விழும் பனியின் எடையில் அது இறுகி ‘ஃபிர்ன்’ என்ற குருணைப் பனியாகிறது. அடர்த்தி 830 கிலோவை எட்டும்போது காற்று போகவர இருந்த வழிகள் அடைபட்டு, காற்று குமிழ்களாகச் சிறைப்படுகிறது. அதன் பிறகே அதைப் பனியாற்றுப் பனி என்கிறோம். ஈரமும் உருகலும் உள்ள மலைகளில் இதற்குச் சில ஆண்டுகளோ பத்தாண்டுகளோ போதும். அண்டார்டிகாவின் உட்பகுதியில் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

பனிக்கட்டியைச் சட்டென்று தாக்கினால் உடைகிறது. விடாமல், மெதுவாக அழுத்தினால் அதன் படிகங்களுக்குள் இருக்கும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி, கட்டி முழுவதும் உருமாறுகிறது. உருகுநிலைக்கு அருகில் இருக்கும் எந்தப் படிகத் திடப்பொருளும் இப்படி நடந்துகொள்ளும். பனியாற்றுப் பனி தன் உருகுநிலைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. பருமன் 30 முதல் 50 மீட்டரை எட்டினால் தன் எடையாலேயே நகரத் தொடங்குகிறது. மேலே உள்ள 30, 40 மீட்டரில் அழுத்தம் போதாது. அங்கே பனி உங்கள் வீட்டுப் பனிக்கட்டியைப் போலவே உடைகிறது. பனிப்பிளவுகள் பெரும்பாலும் அந்த ஆழத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணமும் இதுவே: அதற்குக் கீழே பனி நகர்ந்து வந்து பிளவை மூடிவிடுகிறது.

இந்த மூடலைக் கண்ணெதிரே பார்க்க முடிந்த இடம் நார்வேயில் இருந்தது. எங்கபிரேன் பனியாற்றின் அடியில், ஏறத்தாழ 200 மீட்டர் பனிக்குக் கீழே, நீர்மின் திட்டத்துக்காகப் பாறையில் குடைந்த சுரங்கத்தில் ஓர் ஆய்வுக்கூடம் செயல்பட்டுவந்தது. ஆய்வாளர்கள் வெந்நீரைப் பீய்ச்சிப் பனியின் அடிவயிற்றில் ஆள் நுழையும் குகை ஒன்றை உருக்கி எடுப்பார்கள். எடுத்த உடனேயே சுவரும் கூரையும் உள்நோக்கி வரத் தொடங்கும். தொடர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் திரும்பத் திரும்ப வெந்நீரைப் பாய்ச்சி இடத்தை மீட்க வேண்டும்.

உருமாறும் வேகத்துக்கான விதியை 1950களில் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜான் கிளென் சோதனைச்சாலையில் கண்டறிந்தார். அழுத்தும் விசை இரட்டித்தால் உருமாற்ற வேகம் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. பனியாற்றுக்கு இதைப் பொருத்தினால், சரிவு மாறாமல் பருமன் மட்டும் இரட்டித்தால் மேற்பரப்பு வேகம் பதினாறு மடங்கு. திருப்பிப் பார்த்தால், பருமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே இந்த வகை வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மெலியும் பனியாறு மந்தமாகிறது; மந்தமானால் முனைக்கு வரும் பனி குறைகிறது; பின்வாங்கல் இன்னும் கூடுகிறது.

வழுக்கல் முழுக்க முழுக்கத் தண்ணீரின் கையில் இருக்கிறது. அழுத்தம் பனியின் உருகுநிலையைச் சற்றுத் தாழ்த்துகிறது: ஆயிரம் மீட்டர் பனிக்கு அடியில் சுமார் 0.7 டிகிரி. பூமியின் உள்வெப்பமும் உராய்வு வெப்பமும் சேர, அடிப்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. பாறைத் தரையில் சிறு மேடு குறுக்கிட்டால், அதன் முன்பக்கத்தில் அழுத்தம் கூடிப் பனி உருகுகிறது. அந்த நீர் மேட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய் மறுபடி உறைகிறது. மேடு பெரிதாக இருந்தால் பனி அதை வளைந்து கடந்துவிடுகிறது. மிகச் சிறியதும் மிகப் பெரியதும் அல்லாத நடுத்தர மேடுகள்தான் பனியாற்றை அதிகம் பிடித்து நிறுத்துகின்றன. 1957இல் வெளிவந்த, அமெரிக்க ஆய்வாளர் வீர்ட்மானின் வழுக்கல் கோட்பாட்டின் சாரம் இதுதான். பிரான்ஸின் அர்ஜென்தியேர் பனியாற்றுக்கு அடியில், பாறைக்கும் பனிக்கும் நடுவே இயல்பாக அமைந்த ஒரு பொந்தில், சைக்கிள் சக்கரம் ஒன்றைப் பனியின் அடிப்பகுதியோடு ஒட்டிச் சுழலவிட்டு வழுக்கலைப் பல பத்தாண்டுகளாக அளந்துவருகிறார்கள்.

பலர் தவறுவது இங்கேதான். நிறைய உருகினால் நிறைய வழுக்கும் என்று நினைக்கிறார்கள். வேகத்தை நிர்ணயிப்பது நீரின் அளவைவிட நீரின் அழுத்தம். கோடையின் தொடக்கத்தில் அடியில் வடிகால்கள் குறுகலாக இருப்பதால், இறங்கும் நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. பனி தரையிலிருந்து சற்றே தூக்கப்பட்டு வேகம் பிடிக்கிறது. அதே நீர் பாயப்பாய வடிகால்களை உருக்கி அகலமாக்குகிறது. கோடை முடிவில் அதிக நீர் ஓடினாலும் அழுத்தம் இறங்கி, பனியாறு மெதுவாகிறது. அலாஸ்காவின் வெரிகேட்டட் பனியாறு 1982–83இல் திடீர்ப் பாய்ச்சல் எடுத்தபோது ஒரு நாளில் 50 மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. அடியில் சிக்கியிருந்த நீர் 1983 ஜூலையில் வெள்ளமாக வெளியேறியதும் பாய்ச்சல் அடங்கியது.

இப்போது செதுக்கல். வெறும் பனி பாறையைக் கீறாது என்ற உங்கள் சந்தேகம் நியாயமானதே. உப்புத்தாளில் தாள் மரத்தை அறுப்பதில்லை, அதில் ஒட்டிய துகள்கள்தான் அறுக்கின்றன. பனியின் அடியில் பதிந்த கற்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அதற்கு மூன்று நிபந்தனைகள். அடியில் கற்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் அவையும் தேய்ந்து போகின்றன. பனி தரைமீது வழுக்க வேண்டும். தேய்த்ததில் உண்டான கல்மாவை நீர் கழுவிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் அது நடுவில் படிந்து தேய்ப்பைத் தடுத்துவிடும். பனியாற்று ஓடைகள் பால்சாம்பல் நிறத்திலும், அவை நிரப்பும் ஏரிகள் பச்சை கலந்த நீலத்திலும் இருப்பது இந்தக் கல்மாவால்தான். தரையோடு உறைந்து ஒட்டிக்கிடக்கும் குளிர்ந்த பனி ஏறக்குறைய எதையும் செதுக்குவதில்லை. பழைய நிலத்தோற்றத்தை அப்படியே காப்பாற்றிக்கூட வைத்திருக்கும்.

தேய்ப்பதைவிடப் பல இடங்களில் வலுவானது பெயர்த்தெடுப்பு. மேட்டின் பின்பக்கம் உண்டாகும் பொந்தில் நீரழுத்தம் ஏறி இறங்கும்போது பாறையின் விரிசல்கள் நீள்கின்றன. தளர்ந்த துண்டுகளைப் பனி பற்றி இழுத்துப் போகிறது. அவைதான் அடுத்த கட்டத் தேய்ப்புக்கான கருவிகள். பாறையில் விரிசல் நெருக்கமாக இருந்தால் இது விரைவாக நடக்கும்.

ஆழத்தைப் பற்றிய உங்கள் தயக்கத்துக்குக் கணக்கு பதில் சொல்லும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் ஆண்டில் 100 மீட்டர். பனியூழிகள் மாறிமாறி வந்த காலமோ சுமார் 26 லட்சம் ஆண்டுகள். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உண்டான நார்வேயின் சோங்னஃபியூர், கடல்மட்டத்துக்குக் கீழே 1,308 மீட்டர் ஆழம் போகிறது. ஆனால் கடலைச் சேரும் வாயருகே ஆழம் மிகக் குறைவு. எந்த ஆறாலும் இப்படிக் குடைய முடியாது, ஏனென்றால் ஆறு மேட்டில் ஏறாது. பனியாற்றை ஓட்டுவதோ முதன்மையாக அதன் மேற்பரப்பின் சரிவு. மேற்பரப்பு கடலை நோக்கிச் சாய்ந்திருந்தால், அடித்தரை எதிர்ப்பக்கம் உயர்ந்தாலும் பனி அதில் ஏறிக் கடந்துவிடும். பெரும் ஏரிகள் பலவும் இப்படிக் குடைந்த கிண்ணங்களே. தொங்கும் பள்ளத்தாக்குகளும் இதே தர்க்கத்தில் பிறந்தவை: கிளைப் பனியாறும் தாய்ப் பனியாறும் மேற்பரப்பில் ஒரே மட்டத்தில் கலந்திருக்கும், ஆனால் பெரியது ஆழமாகக் குடைந்துவிடும், பனி போனபின் கிளையின் தரை அந்தரத்தில் நின்று, அங்கிருந்து அருவி விழும்.

கடைசிக் கேள்வி, அடையாளங்கள். யு வடிவம் நல்ல குறிதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். வி வடிவப் பள்ளத்தாக்கின் அடியில் மண் நிரம்பினாலும் தூரத்திலிருந்து அப்படித்தான் தெரியும். பாறையைப் பாருங்கள். இணையான கீறல்கள் பனி போன கோட்டைக் காட்டும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் காட்டாது. அதற்குப் பாறை மேடுகளின் வடிவம் வேண்டும்: வழவழப்பாகச் சாய்ந்த பக்கத்திலிருந்து பனி வந்தது, முரடாகப் பெயர்ந்த பக்கம் நோக்கிப் போனது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் அருகே இரை ஆற்றங்கரையின் சுண்ணாம்புப் பாறையில் இத்தகைய கீறல்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பனி ஊர்ந்ததற்கு அவை சாட்சி.

படிவுகளில் மொரைனைத்தான், அதாவது பனியாறு சுமந்துவந்து கொட்டிய கல்மண் மேட்டைத்தான், அதிகம் தவறாக அடையாளம் காண்கிறார்கள். ஆறு தன் சுமையை அளவுவாரியாகப் பிரித்து வைக்கும். பனி களிமண்ணையும் வீடளவு பாறையையும் ஒன்றாகக் கொட்டும். ஆனால் நிலச்சரிவும் அப்படித்தான் கொட்டும். காரகோர மலைத்தொடரில் மொரைன் என்று எழுதிவைக்கப்பட்ட பல மேடுகள் உண்மையில் மாபெரும் பாறைச்சரிவுகளின் குவியல் என்று புவியியலாளர் கென்னத் ஹெவிட் காட்டினார். ஆகவே மேட்டின் வடிவத்தில் நின்றுவிடாமல் கற்களைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சரிவுக் குவியலில் கற்கள் மேலேயுள்ள ஒரே சரிவின் பாறையாக, கூர்விளிம்போடு இருக்கும். உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி அருகருகே கிடப்பதும் உண்டு. மொரைனில் பள்ளத்தாக்கின் மேல்பகுதிப் பாறைகள் பலவும் கலந்திருக்கும். விளிம்பு மழுங்கி, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, அந்தத் தட்டையில் கீறல்களோடு சில கற்களாவது கிடைக்கும்.