குவார்ட்டர் காசில் சிரிக்கும் அம்மா

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நியூஜெர்சிக்கு வந்து ஏழு மாதம். வீட்டுக்காரருக்கு வேலை, உங்களுக்கு வேலைக்கு வந்தவரின் மனைவிக்குக் கொடுக்கும் ஹெச்-ஃபோர் விசா. ஊரில் பதினோரு வருடம் மெல்லிசைக் குழுவில் பாடியவர், இங்கே உங்களை யாருக்கும் தெரியாது. துணி துவைக்க எடுத்த குவார்ட்டர் ஒன்றில், அதாவது 25 சென்ட் காசில், ஒரு கறுப்பினப் பெண் வாய் நிறையச் சிரிக்கிறார். பக்கத்தில் நின்ற கியூபாக்காரப் பாட்டி அதை வாங்கி முத்தமிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்புறம், வந்த நாட்டில் ஒரு பாடகிக்கு மரியாதை கிடைக்குமா, அதற்கு இங்கிலீஷில் பாடிப் பழக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் மற்றதற்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

அவர் பெயர் செலியா குரூஸ். 1925-ல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர், சல்சா என்ற ஆட்டப் பாட்டு இசையின் ராணி. 1998-ல் நான் நியூஜெர்சியின் யூனியன் சிட்டிக்கு வந்தபோது எனக்கும் அவரைத் தெரியாது. ஆஸ்பத்திரி லேபில் என்னோடு ராத்திரி ஷிப்டு பார்த்த நாலு பெண்கள் கியூபாக்காரர்கள். ரேடியோவில் செலியாவின் குரல் வந்தால் போதும், கைவேலையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நிமிஷம் ஆடிவிட்டுத்தான் திரும்ப உட்காருவார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்ந்ததும், பிறகு நானே தேடிப் படித்ததும்தான் இங்கே எழுதுவது.

காசில் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் சொல் 'அசூகார்', அதாவது சர்க்கரை. மயாமியில் ஒரு உணவகத்தில் பரிமாறுகிறவர் காபிக்குச் சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்டாராம். நீ கியூபாக்காரன்தானே, இதை ஒரு கேள்வி என்று கேட்கலாமா, சர்க்கரையோடுதான் என்றாராம் செலியா. இந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி, கடைசியில் கதை போய் அந்த ஒரு சொல் மட்டும் நின்றது. அவர் 'அசூகார்!' என்று கூவினால் அரங்கம் எழுந்து நிற்கும்.

அவருக்குக் கிடைத்த முதல் பரிசு எது தெரியுமா? ஒரு கேக். ஹவானாவில் ஒரு ரேடியோ போட்டியில் பாடி ஜெயித்து, கேக்கோடு வீட்டுக்குப் போனார். அப்பாவுக்கு மகள் டீச்சராக வேண்டும் என்று ஆசை. ஆசிரியர் பயிற்சியிலும் சேர்ந்தார். அங்கிருந்த ஒரு ஆசிரியையே, நீ பாடப் போ, நாங்கள் ஒரு மாதத்தில் சம்பாதிப்பதை நீ ஒரு நாளில் சம்பாதிப்பாய் என்று சொல்லி அனுப்பினாராம்.

1950-ல் சொனோரா மத்தான்செரா என்ற பெயர்பெற்ற குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் அங்கே பாடிக்கொண்டிருந்தவர் மிர்தா சில்வா. அவருக்குப் பழகிய நேயர்கள், புதுப் பெண் வேண்டாம் என்று ரேடியோ நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். இசைத்தட்டு கம்பெனிக்காரரும், பெண் குரலில் இந்தப் பாட்டெல்லாம் விற்காது என்று தயங்கினார். நஷ்டம் வந்தால் நான் கொடுக்கிறேன் என்று குழுத் தலைவர் நின்றதால்தான் அந்தத் தட்டே வெளிவந்தது, நன்றாகவும் விற்றது. தெரிந்த ஊரில், தாய்மொழியில், சொந்த ஜனங்களிடமே அவருக்கு ஆரம்பம் இப்படித்தான் இருந்தது. ஏழு மாதத்தில் சோர்ந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வந்தது.

1960 ஜூலை 15 அன்று குழுவோடு மெக்சிகோவுக்குக் கச்சேரி செய்யக் கிளம்பினார். புரட்சி முடிந்து காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்திருந்த சமயம். போனவர்கள் திரும்பவில்லை. 1962-ல் அம்மா இறந்தபோது அடக்கத்துக்காவது வருகிறேன் என்று கேட்டார். அரசு அனுமதிக்கவில்லை. நம்மில் நிறையப் பேர் விசா சிக்கலில் அப்பா அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனவர்கள். அதனால் இந்த இடத்தை விளக்கிச் சொல்ல எனக்கு அவசியம் இல்லை.

அடுத்த பத்து வருடம்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது. கியூபாவில் பெரிய நட்சத்திரமாக இருந்தவர், நியூயார்க்கில் இசைக்குழுத் தலைவர் டிட்டோ புவென்டேயோடு சேர்ந்து ஆல்பம் ஆல்பமாகப் பாடினார். பெரிதாக எதுவும் ஓடவில்லை. லத்தீன், அதாவது ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ராக் இசைப் பக்கம் போய்விட்டிருந்த காலம். அவர் ராக் பாடப் போகவில்லை, இங்கிலீஷுக்கும் மாறவில்லை. வந்த மேடைகளில் அதே ஸ்பானிஷில், அதே தாளத்தில் பாடினார். 1973-ல் நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் இசைக்கலைஞர் லாரி ஹார்லோவின் ஓப்ரா (பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம்) ஒன்றில் பாடியபோதுதான் இளைஞர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுவருடம் இசைக்கலைஞர் ஜானி பச்சேகோவோடு செய்த 'செலியா அண்ட் ஜானி' ஆல்பம் வந்தது. அவருக்கு வயது 48. அந்த ஆல்பம் அவரை மறுபடி உச்சிக்குக் கொண்டுபோனது.

அவர் கணவர் பெட்ரோ நைட் அதே குழுவில் டிரம்பெட் வாசித்தவர். மனைவியின் பாட்டுக்காகத் தன் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொள்ள வந்துவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் பாட்டைத் தொடரச் சொல்லி நச்சரிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நச்சரிக்கட்டும், தங்கச்சி.

சரி, விருதுகளுக்கு வருவோம். 1987-ல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம். 1989-ல் யேல் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். 1990-ல், தாளக் கலைஞர் ரே பரெட்டோவோடு செய்த ஆல்பத்துக்காக, அமெரிக்க இசை உலகின் பெரிய விருதான கிராமி முதல் முறையாக, அப்போது வயது 64. 1991-ல் மயாமியின் கய்யே ஓச்சோ தெருவுக்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது. 1994-ல் அதிபர் கிளின்டன் கையால் தேசிய கலைப் பதக்கம். லத்தீன் கிராமி என்று தனி விருது 2000-ல் தொடங்கியபோது முதல் வருடமே வாங்கினார். அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தன.

ஏன் இவ்வளவு தாமதம் என்று நானும் யோசித்திருக்கிறேன். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை, வாங்கிக்கொள்ளப் பெட்டிதான், அதாவது விருதில் அவர் பாட்டுக்கென்று ஒரு பிரிவுதான், இல்லை. கிராமி 1959-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் லத்தீன் இசைக்கு என்று ஒரு பிரிவு வந்து, முதல் விருது கொடுக்கப்பட்டது 1976-ல்தான். அதுவும் சல்சாக்காரர், மெக்சிகோ பாட்டுக்காரர், காதல் பாட்டுக்காரர் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. 1984-ல்தான் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு ஜனக்கூட்டம் வந்து, வேரூன்றி, வரி கட்டி, ஓட்டுப் போட்டு, பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிய பிறகுதான் அவர்களுடைய பாட்டுக்கும் ஒரு பெட்டி செய்து வைக்கிறது இந்த நாடு. தனி ஆளின் திறமையால் மட்டும் அந்த வருடங்களைச் சுருக்க முடியாது. இங்கே நம் பாட்டுக்கு இன்னும் பெட்டி வரவில்லை என்பதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் இத்தனை வருடக் கணக்கும்.

இத்தனை விருதில் எனக்குப் பிடித்தது யேல் பட்டம். டீச்சராகாமல் பாட வந்த மகளுக்கு ஒரு பல்கலைக்கழகம் டாக்டர் அங்கி போர்த்தியது. அவர் அப்பாவை நினைத்துக்கொள்வேன். இப்போது நியூயார்க்கின் பிராங்க்ஸில் அவர் பெயரில் ஒரு இசைப் பள்ளியே இருக்கிறது, பிள்ளைகள் தினமும் அந்தப் பெயரைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள்.

இன்னொன்று 2003 மார்ச்சில் நடந்தது. மூளையில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மயாமி பீச்சில் அவருக்காகப் பெரிய பாராட்டு நிகழ்ச்சி, டி.வி.யிலும் வந்தது. குளோரியா எஸ்தஃபான், மார்க் ஆன்டனி போன்ற பெரிய பாடகர்கள் எல்லாம் அவர் முன்னால் நின்று பாடினார்கள். அவர் உட்கார்ந்து கேட்டார், கடைசியில் தானும் மேடையேறினார். லேபில் இருந்த நாலு பேரும் அன்று ஷிப்டு மாற்றிக்கொண்டு ஒரே வீட்டில் கூடினோம். பாராட்டை உயிரோடு இருக்கும்போது செய்துவிட வேண்டும் என்பதில் அன்றிலிருந்து நான் ரொம்பப் பிடிவாதம்.

அதே வருடம் ஜூலை 16 அன்று இங்கே, நம் ஊர்ப் பக்கத்து ஃபோர்ட் லீயில் அவர் இறந்தார். ஹவானாவை விட்டுக் கிளம்பி 43 வருடமும் ஒரு நாளும். உடலை முதலில் மயாமிக்குக் கொண்டுபோய் ஃப்ரீடம் டவரில் வைத்தார்கள். அறுபதுகளில் கியூபாவிலிருந்து வந்த அகதிகளைப் பதிவுசெய்து உதவி கொடுத்த கட்டடம் அது. அன்று கையில் ஒன்றுமில்லாமல் அங்கே வரிசையில் நின்றவர்கள், இப்போது பூவோடு அதே இடத்தில் வரிசையில் நின்றார்கள். பதக்கம் கொடுப்பவர்களுக்கு ஒரு நாள் விழா. இவர்களுக்கு அவர் நாற்பது வருடக் குரல்.

பிறகு நியூயார்க். அவர் உடலைப் பார்க்க மேடிசன் அவென்யூவில் நின்ற வரிசையில் நானும் என் தோழிகளோடு பல மணி நேரம் நின்றேன். யார் யாரோ பாட ஆரம்பிப்பார்கள், தெரு முழுக்கச் சேர்ந்துகொள்ளும். எனக்கு வார்த்தை தெரியாது, கை தட்டினேன். என்னோடு வந்த ஒருத்தி 1960-களில் அம்மாவைக் கியூபாவில் விட்டுவிட்டு வந்தவள். நம் சொந்த ஊர் ரேடியோ இவளைப் பல வருடம் போடவே இல்லை, தெரியுமா என்று அழுதுகொண்டே சொன்னாள். அது உண்மைதான். அமெரிக்கா கொடுத்த அத்தனையையும் வாங்கிய செலியாவுக்குக் கியூபா ஒன்றும் கொடுக்கவில்லை, குரலைக்கூட ஒலிபரப்பவில்லை. 1990-ல் கியூபாவின் குவாந்தனாமோவில் இருக்கும் அமெரிக்கத் தளத்துக்குப் போயிருந்தபோது ஒரு பிடி கியூபா மண்ணை எடுத்து வந்து பத்திரமாக வைத்திருந்தார். பிராங்க்ஸின் உட்லான் கல்லறையில் அந்த மண்ணையும் அவரோடு சேர்த்தே வைத்தார்கள்.

2011-ல் தபால்தலை, 2016-ல் கிராமியின் வாழ்நாள் விருது, 2024-ல் உங்கள் கையில் வந்த இந்தக் காசு, எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. ஆப்பிரிக்க வம்சாவளி லத்தீன் பெண் ஒருவர் அமெரிக்கக் காசில் வருவது இதுதான் முதல் முறை. அதில் பொறித்திருக்கும் அவருடைய சொல்லும் ஸ்பானிஷ் சொல்தான். இங்கிலீஷில் பாட வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை என்னால் எழுத முடியாது. இங்கிலீஷ் கற்றுக்கொள்ளுங்கள், பஸ்ஸில் போக, டாக்டரிடம் பேச, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் சண்டை போட அது வேண்டும். பாட்டைத் தொடாதீர்கள்.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். முதலில், உங்கள் விசாவில் வேலை அனுமதி வாங்காமல் பாட்டுக்குப் பணம் வாங்காதீர்கள். சின்னத் தொகை, பெட்ரோல் காசு என்று யார் சொன்னாலும், ஒரு குடிவரவு வக்கீலைக் கேட்காமல் கை நீட்ட வேண்டாம். பின்னால் கிரீன் கார்டு சமயத்தில் அது பெரிய தலைவலியாகும். பணம் இல்லாமல் பாட நிறைய இடம் இருக்கிறது. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா, கோயில், ஊர் நூலகம். நூலகத்தை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். பல ஊர்களில் கூட்ட அறையைக் கேட்டால் கொடுப்பார்கள், நிகழ்ச்சி நடத்த ஆள் தேடிக்கொண்டும் இருப்பார்கள்.

இரண்டாவது, முதலில் கேட்க வருகிறவர்கள் நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். இருபது பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அறையில், உங்கள் குரலைக் கேட்டு ஒருவருக்குத் தன் ஊர்த் திருவிழா ஞாபகம் வந்தால், அந்த ஆள் அடுத்த முறை நாலு பேரைக் கூட்டி வருவார். செலியாவைச் சுமந்ததும் அப்படிப்பட்டவர்கள்தான். யேலுக்கு அவர் யார் என்று தெரிவதற்கு முப்பது வருடம் முன்பே அவர்களுக்குத் தெரியும்.

யூனியன் சிட்டியில் பெர்கன்லைன் அவென்யூவும் 31-வது தெருவும் சேரும் இடத்தில் அவர் பெயரில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது, தரையில் அவருக்கு ஒரு நட்சத்திரமும் பதித்திருக்கிறார்கள். ஜர்னல் ஸ்குவேரிலிருந்து பெர்கன்லைன் வழியாகப் போகும் சின்ன பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாருங்கள், நானும் வருகிறேன். காசை முத்தமிட்ட அந்தப் பாட்டியையும் முடிந்தால் அழைத்து வாருங்கள். அவரிடம் நான் கேட்க நிறைய இருக்கிறது.